கொழிஞ்சாம்பாறைக் குளத்தில் கருந்தலை மீன்கொத்தியா?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை)

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் வசிக்கிறேன். எங்கள் தென்னந்தோப்பை ஒட்டிய குளத்தில் கடந்த ஞாயிறு மாலை, மழை விட்டிருந்த நேரத்தில், மோட்டார் கொட்டகைக்குச் செல்லும் கம்பியில் ஒரு மீன்கொத்தி அமர்ந்திருந்தது. அலகு பவளச் சிவப்பு, தலை கருமை, வயிறு செம்மஞ்சள். தோப்பில் வேலை செய்பவர்கள் பொன்மான் என்று சொல்லும் வெண்மார்பு மீன்கொத்தியை நாள்தோறும் பார்க்கிறேன். இது அதுவன்று என்றே தோன்றியது. கைப்பேசியில் எடுத்த ஒரே படமும் மங்கலாக உள்ளது. கருந்தலை மீன்கொத்தியாக இருக்குமோ என்று நினைக்கிறேன். ஆனால் அது அலையாத்திக் காடுகளிலும் கழிமுகங்களிலும் காணப்படும் பறவையாயிற்றே. பொன்னானிக் கழிமுகம் இங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. எதைக் கொண்டு உறுதி செய்வது?

மறுமொழி (பொள்ளாச்சி)

அம்மா, வழி தவறி வந்த பறவை என்று எண்ணுவதற்கு முன், அதே ஊரில் வாழும் பறவைகளுள் எது அப்படித் தோற்றமளிக்கும் என்று பார்த்துவிடுவது நல்லது. எனக்கு முதலில் ஐயம் வருவது வெண்மார்பு மீன்கொத்தியின் மேல் அன்று, பெரிய அலகு மீன்கொத்தியின் மேல். ஆழியாற்றங்கரை மரங்களில் அது நிலையாக வாழ்கிறது. அதற்கும் சிவந்த அலகு, செம்மஞ்சள் வயிறு, மங்கிய பழுப்புத் தலை உண்டு. நிழலில் அந்தத் தலை கறுப்பாகவே தெரியும். கழுத்தைப் பாருங்கள். பெரிய அலகு மீன்கொத்திக்குத் தொண்டையும் கழுத்தும் வயிற்றைப் போலவே செம்மஞ்சளாக இருக்கும். கருந்தலை மீன்கொத்திக்கோ தொண்டை தூய வெண்மை. அந்த வெண்மை பிடரியைச் சுற்றி ஒரு பட்டையாக ஓடும். வெண்மார்பு மீன்கொத்திக்குத் தொண்டையும் மார்பும் வெண்மையாக இருந்தாலும், தலையின் காப்பிக்கொட்டைப் பழுப்பு பிடரி வழியாக இறங்கிவிடுவதால் பட்டை இராது. வயிறும் அதே பழுப்புதான்.

பறக்கும்போது இறக்கையையும் கவனியுங்கள். கருந்தலைக்கும் வெண்மார்புக்கும் இறக்கையில் பெரிய வெண்திட்டு பளிச்சென்று விரியும். பெரிய அலகு மீன்கொத்திக்கு அது கிடையாது. உடலளவிலும் அதுவே பெரியது. ஆனால் ஒற்றைப் பறவையை வைத்து அளவு மதிப்பிடுவதை நான் நம்புவதில்லை.

மறுமொழி (சித்தூர்)

மேற்சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மீன்கொத்தியின் நீலம் நிறமியால் வருவதன்று. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தெரிவது. ஆகவே ஒரே முதுகு வெயிலில் பச்சை கலந்த நீலமாகவும், மேகமூட்டத்தில் ஊதா கலந்த கருநீலமாகவும் தோன்றக்கூடும். பழுப்பு நிறமியால் வருவது என்றாலும், நனைந்துவிட்டால் அதுவும் கறுத்துப் போகும். மழை விட்ட மாலையில் எடுத்த மங்கலான படத்தில் தலை நிறத்தையோ முதுகு நிறத்தையோ மட்டும் சான்றாகக் கொள்ள இயலாது. வெண்மை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையே நம்பலாம்.

அதற்காக இங்கே வரவே வராது என்றும் நான் சொல்லமாட்டேன். ஆழியாறு நம் பக்கம் சித்தூர்ப்புழையாகிப் பாரதப்புழையில் சேர்ந்து பொன்னானியில் கடலை அடைகிறது. குளிர்காலத்தில் கரைக்கு வரும் பறவை ஆற்றோடு உள்நாட்டுக்கு ஏறிவிடுவது நடக்கக்கூடியதே.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு நாட்கள் விடியற்காலையில் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் வரவில்லை. இன்று 6.40 மணிக்கு அதே கம்பியில் வந்து அமர்ந்தது. பன்னிரண்டு நிமிடங்கள் இருந்தது. வெயில் என் முதுகுப்புறம். தொண்டை வெண்மை, தலையைத் திருப்பியபோது பிடரியின் பின்னாலும் அந்த வெண்மை அறுபடாமல் சுற்றி வந்ததைத் தெளிவாகக் கண்டேன். அதற்கு மேல் கன்னம் வரை கருமை. வயிறு வெளிறிய செம்மஞ்சள். தண்ணீரில் பாய்ந்து ஒரு சிறிய கெண்டைக் குஞ்சோடு எழுந்தபோது இறக்கையில் வெண்திட்டும் தெரிந்தது. படம் எடுக்கக் கை வரவில்லை; கண்டதை அங்கேயே நோட்டில் எழுதி, படமும் வரைந்துகொண்டேன்.

மறுமொழி (பொள்ளாச்சி)

பட்டை பின்கழுத்து வரை அறுபடாமல் இருந்ததென்றால் வெண்மார்பு இல்லை. தொண்டை வெண்மையும் இறக்கைத் திட்டும் பெரிய அலகு மீன்கொத்தியை விலக்கிவிடுகின்றன. இது கருந்தலை மீன்கொத்திதான் என்று நானும் ஏற்கிறேன். பறவைக் காட்சிகளைப் பதியும் ஈபேர்ட் இணையதளத்தில் பதியும்போது பறவையின் பெயரோடு நிறுத்திவிடாமல், நேரம், வெயில் இருந்த திசை, எந்த அடையாளத்தால் எந்தப் பறவையை விலக்கினீர்கள் என்பதையும் நோட்டில் உள்ளபடியே எழுதுங்கள். வரைந்த படத்தையும் இணையுங்கள். இன்னொரு வேண்டுகோள்: குளத்தில் மீன் வளர்ப்பவர்கள் நைலான் வலை விரித்திருந்தால், தொய்வில்லாமல் இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். தொய்ந்த வலையில் சிக்கி இறந்த மீன்கொத்தியை நானே வலையை அறுத்து எடுத்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

எங்கள் குளத்தில் வலை இல்லை. பக்கத்துத் தோட்டத்துக் குளத்தில் இருக்கிறது. மாலையே போய்ச் சொல்லிவிடுகிறேன்.