35,000 ரூபா தான் இருக்கு, பழைய ஒப்டிபிளெக்ஸ தேத்தலாமா வித்துட்டு வேற எடுக்கவா?

கொட்டகலை_தம்பி

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல டெல் ஒப்டிபிளெக்ஸ் 3020 கொம்பியூட்டர் ஒண்ணு இருக்கு, டவர் கேசிங், ஐ3 நாலாவது ஜெனரேஷன், ராம் 4 ஜிபி ஒத்த துண்டு, 500 ஜிபி ஹாட் டிஸ்க். கொழும்புல ஒரு ஒபிஸ்ல பாவிச்சு கழிச்சத மாமா எடுத்துக் குடுத்தாரு. தங்கச்சி ஏ.எல். படிக்குது, ஐசிடியும் ஒரு பாடம், பைதன் எழுதிப் பழகணும். ஆனா இத ஒன் பண்ணிட்டு போய் தேத்தண்ணி போட்டுக் குடிச்சிட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டே தான் இருக்கும், குரோம்ல நாலு டேப் தொறந்தா அப்படியே நின்னுரும். டவுன்ல ஒரு கடையில கேட்டேன், இத குடுத்துட்டு மேல 60,000 போட்டு வேற எடுங்கன்னு சொல்றாங்க. அம்மா கொழுந்து எடுத்து சீட்டு கட்டி சேத்த சல்லி 35,000 இருக்கு, அதுக்கு மேல ஏலாது.

இன்னும் ரெண்டு பிரச்சினை. ஒவ்வொரு நாளும் தேதி பழைய வருஷத்துக்கு போயிருது, வெப்சைட் பாதி தொறக்குதில்ல. மத்தது கேசிங்ல கை பட்டா சுள்ளுனு இருக்கு, லேசா தான், ஆனா தங்கச்சி பயந்துக்கிட்டு ரப்பர் செருப்பு போட்டு தான் உக்காருது. எங்க இருந்து தொடங்கணும்?


நானுஓயா_ரிப்பேர்

தம்பி விக்காதீங்க. விலையும் கிடைக்காது, உங்க மெஷின்ல புரொசசர் மேல குத்தம் இல்ல. ஹாட் டிஸ்க்குக்குள்ள தட்டு நிமிசத்துக்கு 7200 தடவை சுத்துது, ஒரு சின்னக் கை அங்கயும் இங்கயும் ஓடி தேடுது, 4 ஜிபி ராம் நிறைஞ்சதும் விண்டோஸ் மிச்சத்த கொண்டு போய் அதே தட்டுல எழுதி எழுதி எடுக்குது, ரெண்டும் சேர்ந்து தான் இந்த இழுவை. அதுனால முதல் சல்லி எஸ்எஸ்டிக்கு, அதாவது சுத்துற தட்டே இல்லாத டிஸ்க், 240 இல்ல 256 ஜிபி போதும். 3020ல எம்.2 சொக்கட் கிடையாது, கடையில அதுல சொருகுற என்விஎம்இ எஸ்எஸ்டி தான் வேகம்னு தந்தா வாங்கிறாதீங்க, 2.5 இன்ச் சாட்டா தான் வேணும். இப்ப ஹாட் டிஸ்க் சொருகியிருக்கிற அதே கேபிள்ல எஸ்எஸ்டிய போடுங்க, இந்த போட்ல எல்லா சாட்டா போர்ட்டும் ஒரே வேகம் இல்ல.

ரெண்டாவது ராம். இதுல ரெண்டு ஸ்லொட் தான், டிடிஆர்3. டிடிஆர்4 போகாது, நடுவுல இருக்கிற வெட்டு வேற இடத்துல இருக்கும், அமுக்கினா ஸ்லொட் உடையும். லெப்டொப் ராம் கட்டையா இருக்கும், அதுவும் சரிவராது. நான் எல்லாருக்கும் சொல்றது, கடைக்கு போறப்ப உள்ள இருக்கிற துண்ட கழட்டி பேப்பர்ல சுத்தி கையோட கொண்டு போய் பக்கத்துல வச்சுப் பாத்து எடுங்க. இன்னொரு 4 ஜிபி போட்டா ரெண்டும் சோடியா வேலை செய்யும், தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாத மெஷினுக்கு அது நல்ல வித்தியாசம் காட்டும். திரும்ப மாட்டுறப்ப அந்த மஞ்சள் பல்லுகள பென்சில் அழிறப்பரால மெதுவா தேய்ச்சு துடைச்சிட்டு போடுங்க, நம்ம ஊர் ஈரத்துல அதுல ஒரு மங்கல் பிடிச்சிருக்கும், ஒன் ஆகாம பீப் பீப்னு கத்துற மெஷின் எத்தனையோ இந்த ஒரு வேலையில எழும்பியிருக்கு.

தேதி போறது போட்ல இருக்கிற சிஆர்2032ங்கிற வட்டப் பட்டரி செத்துப் போனதால, அவ்வளவு தான். தேதி பழைய வருஷத்துக்கு போனா பிரவுசர் அந்த சைட்டோட பாதுகாப்பு சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கலன்னு நினைச்சு தடுக்கும்.


பண்டாரவளை_கீபோர்ட்

நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்வேன். விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஓட சப்போர்ட்ட நிப்பாட்டிட்டாங்க, விண்டோஸ் 11க்கு இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷனும் டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப்பும் கேக்குது, நாலாவது ஜெனரேஷன் அந்தக் கணக்குலயே வராது. இன்னும் கொஞ்சம் சேத்து எட்டாவது ஜெனரேஷன் செகண்ட் ஹேண்ட் ஒண்ணு எடுத்தா நாலஞ்சு வருஷம் யோசிக்கத் தேவையில்லயே.


நானுஓயா_ரிப்பேர்

நீங்க சொல்றது சரி தான், சல்லி இருந்தா. தங்கச்சிக்கு ஏ.எல். இப்ப, சேத்து முடியுறப்ப பரீட்சையும் முடிஞ்சிரும். எஸ்எஸ்டில விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட் போட்டுக் குடுங்க, எக்ஸ்எப்சிஈ எடிஷன், காசு இல்ல, இந்த மெஷினுக்கு பாரமும் இல்ல. பைதன் அதுலயே இருக்கு, டேட்டாபேஸ், வெப் பேஜ் எல்லாம் அதுல செஞ்சு பழகலாம், லிப்ரே ஒபிஸும் கூடவே வரும். ஒரு விசயம் மட்டும் முதல்லயே சொல்லிக் குடுங்க, டியூஷன் சேர் பாமினிங்கிற பழைய தமிழ் எழுத்துருல அடிச்ச நோட்ஸ் அனுப்பினா அந்த எழுத்துருவ போடும் வரை கோழி கிண்டின மாதிரி தெரியும், பைல் பழுதுன்னு நினைச்சு அழிச்சிராதீங்க. ஹாட் டிஸ்க்கையும் வீசாதீங்க, படம், நோட்ஸ் வைக்க ஆகும்.


வெலிமடை_வயரிங்

தம்பி, எஸ்எஸ்டி ராம் எல்லாம் பிறகு. கேசிங்ல சுள்ளுங்குதே, அத சரி செய்யாம ஒரு சதமும் அதுல போடாதீங்க, தங்கச்சிய அதுல உக்கார வைக்கவும் வேணாம்.

அது ஏன் வருதுன்னா, பவர் சப்ளைக்குள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர் இருக்கு, அது வழியா கொஞ்சூண்டு கரண்ட் கேசிங்குக்கு வந்து எர்த் வயர்ல இறங்கிப் போகணும். எர்த் இல்லன்னா அது கேசிங்லயே நிக்கும், மீட்டர் வச்சா 230ல பாதி கிட்ட காட்டும். அநேகமா இது தான் உங்க வீட்டுக் கதை. ஆனா உள்ள வயர் எதும் தோல் உரிஞ்சு தொட்டுக்கிட்டு இருந்தாலும் முதல்ல இப்படித் தான் தெரியும், அதுனால லேசா தானேன்னு விடக்கூடாது.

உங்க பிளக்க பாருங்க. சதுர மூணு பின் 13 அம்பியர் பிளக்கா, இல்ல ரெண்டு பின் கோட் போட்டு, மேல் ஓட்டைக்குள்ள பேனா மூடிய குத்தி, கீழ் ரெண்டு ஓட்டையோட தடுப்ப தொறக்க வச்சு சொருகியிருக்கீங்களா? லயத்துல நான் போற வீடெல்லாம் பாதி இப்படித் தான் இருக்கு. அந்த மேல் ஓட்டை தான் எர்த். அதுல பேனா மூடிய வச்சா எர்த் எப்படி வரும்? பிளக் சரியா இருந்தா அடுத்தது எக்ஸ்டென்ஷன் கோட், அதுக்கும் பிறகு தான் சுவர் சொக்கட். பல வீட்ல சொக்கட்டுக்கு பின்னால பச்சை வயர் வந்து சும்மா மடங்கிக் கிடக்கும், ஸ்குரூவுல இறுக்கியே இருக்காது. இத நீங்க தொறக்காதீங்க, தெரிஞ்ச வயரிங் பாஸ் ஒருத்தர கூட்டிட்டு வாங்க. ட்ரிப் சுவிட்ச்ல டெஸ்ட் பட்டன் இருக்கும், அத அமுக்கினா விழுதான்னும் பாத்துருங்க.

இன்னொண்ணு இடி. மார்ச் ஏப்ரல்லயும் ஒக்டோபர் நவம்பர்லயும் பின்னேரத்துல இருட்டிக்கிட்டு வந்தா சுவிட்ச நிப்பாட்டினா பத்தாது, பிளக்கயே கழட்டணும். நான் அப்படி கழட்டிட்டு நிம்மதியா இருந்தேன், ஆனா ரவுட்டர்ல டெலிபோன் லைன் மாட்டினபடி இருந்துச்சு. ஒரே ஒரு இடி. ரவுட்டரும் போச்சு, நெட்வேர்க் கேபிள் வழியா போய் என் மகனோட மெஷின்ல லேன் போர்ட்டும் போச்சு, அந்த பிளாஸ்டிக் கறுத்துப் போயிருந்தத இன்னும் வச்சிருக்கேன். ரெண்டையும் கழட்டுங்க தம்பி.


ராகலை_அக்கா

தம்பி வீட்ல விறகு அடுப்பா? எங்க வீட்ல அடுப்படிக்கு பக்கத்து காம்பராவுல தான் கொம்பியூட்டர் இருந்துச்சு. ஒரு நாள் தொறந்து பாத்தா ஃபேன் முழுக்க கரி, சும்மா தூசு மாதிரி ஊதினா போறதில்ல, எண்ணெய் பிடிச்ச மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. பெயின்ட் அடிக்கிற சின்ன பிரஷ் புதுசா ஒண்ணு வாங்கி, ஃபேன ஒரு விரலால சுத்தாம பிடிச்சுக்கிட்டு இதழ் இதழா துடைச்சு எடுத்தேன். அதோட கூலருக்கு கீழ காஞ்சு போயிருந்த, புரொசசர் சூட்ட கடத்துற பேஸ்ட்ட வழிச்சிட்டு புதுசா வச்சோம், அந்த ஊ ஊனு இரையிற சத்தம் அன்னைக்கே நின்னுச்சு. ராவுல பொலித்தீன் போட்டு மூடாதீங்க, பனி நேரத்துல உள்ள வேர்த்துரும், துணி போதும். நிலத்துலயும் வைக்காதீங்க, சீமெந்துத் தரை ஈரம் இழுக்கும்.


கொட்டகலை_தம்பி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வெலிமடை அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே தான், பேனா மூடி. நான் தான் போன வருஷம் வச்சேன். பாஸ் வந்து சொக்கட்ட கழட்டினா எர்த் வயர் வெளிய தொங்குது, இறுக்கி 13 அம்பியர் கோட் போட்டாரு, இப்ப கேசிங்ல கை வச்சா ஒண்ணும் இல்ல, தங்கச்சி வெறுங்கால்ல உக்காருது. எஸ்எஸ்டி 256, ராம் 4 எடுத்தேன், வயரிங் கூலியும் குடுத்து அம்மா கையில திருப்பிக் குடுக்கவும் கொஞ்சம் மிஞ்சிச்சு. மின்ட் போட்டாச்சு, அரை நிமிசத்துல வந்துருது. பட்டரி மட்டும் இன்னும் மாத்தல, கையில இருக்கு, எந்தப் பக்கம் மேல வரணும்?


நானுஓயா_ரிப்பேர்

எழுத்து இருக்கிற பக்கம், பிளஸ் போட்டிருக்கும், அது மேல. கோட்ட கழட்டிட்டு பவர் பட்டன ஒரு தடவை அமுக்கிட்டு தொறங்க. பக்கத்துல இருக்கிற சின்னக் கம்பிய ஒதுக்கினா பழசு தானா எழும்பும், ஸ்குரூ டிரைவரால நெம்பாதீங்க. மாத்தினதும் எப்2 அமுக்கி உள்ள போய் தேதிய ஒரு தடவை போட்டு சேவ் பண்ணுங்க.