அபோடோசிஸ்: ‘தன்மடிவு’, ‘உதிர்வு’, ‘வீவு’ – எதை ஏற்பது?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

உடலில் செல்கள் (உயிரணுக்கள்) ஒழுங்கான முறையில் மடிந்து மறைவதைக் குறிக்கும் ‘அபோடோசிஸ்’ (apoptosis) என்பதற்குத் தமிழில் இதுவரை நம் உரையாடலில் மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன: ‘திட்டமிட்ட உயிரணு இறப்பு’, ‘தன்மடிவு’, ‘உயிரணுச் சிதைவு நோய்’. மூன்றாவதை முன்வைத்த நண்பர் கிரேக்க வேர்களைப் பிரித்துப் பார்த்தே அம்முடிவுக்கு வந்ததாக எழுதியிருந்தார். வேர் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் ஈற்றை ‘ஓசிஸ்’ என்று கொண்டதில் பதம் பிரித்த இடம் தவறிவிட்டது.

சிரோசிஸ், த்ராம்போசிஸ், டியூபர்குலோசிஸ் என்ற பெயர்களைக் கேட்டுப் பழகிய காது, ‘ஓசிஸ்’ என்று முடியும் எந்தச் சொல்லையும் நோயின் பெயராகவே எடுத்துக்கொள்கிறது. நானும் கல்லூரி நாட்களில் இச்சொல்லை முதன்முதலில் பார்த்தபோது குறிப்பேட்டின் ஓரத்தில் ‘ஏதோ ஒரு நோய்’ என்று எழுதி வைத்தேன். சில பக்கங்கள் கடந்த பிறகுதான், கருவில் துடுப்புப் போல இருக்கும் கையில் விரல்களுக்கு இடைப்பட்ட செல்கள் மடிவதால்தான் விரல்கள் தனித்தனியே பிரிகின்றன என்றும், தலைப்பிரட்டையின் வால் மறைவதும் இவ்வாறே என்றும் படித்து, அந்தக் குறிப்பை அடித்தேன். நோயாவது ஒன்றாவது; இது நடக்காமல் நம் கை கையாகவே ஆகாது.

சரியான பிரிப்பு ‘அபோ’, ‘ப்டோசிஸ்’ என்பதாகும். ‘அபோ’ என்றால் விலகி, அகன்று. நிலவு புவியை விட்டு மிகவும் அகன்று நிற்கும் புள்ளியை ‘அபோஜி’ என்பதும் இதே முன்னொட்டால்தான். ‘ப்டோசிஸ்’ என்றால் விழுதல். மேலிமை கீழே சரிந்து தொங்குவதைக் கண் மருத்துவர்கள் இன்றும் ‘டோசிஸ்’ என்றே எழுதுகிறார்கள். ‘ப்டோ’ என்பது விழுதலைக் குறிக்கும் வினையின் வேராகையால் இங்குள்ள ஓகாரம் வேருக்கே உரியது. ஈற்றிலுள்ள ‘சிஸ்’ தமிழில் ‘தல்’, ‘வு’ ஆகிய விகுதிகள் செய்யும் வேலையைச் செய்கிறதே தவிர, நோயைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

இச்சொல் உருவான விதமும் நமக்குப் பயன்படும். கெர், வைலி, கரி ஆகிய ஆய்வாளர்கள் மூவர் 1972-இல் பிரிட்டிஷ் புற்றுநோய் ஆய்விதழில் எழுதிய கட்டுரையில்தான் இது இன்றைய பொருளில் முதன்முதலில் வந்தது. அதற்கு முன் கெர் இதனைச் ‘சுருங்கு நசிவு’ என்ற பொருள்பட அழைத்துவந்தார். அந்தப் பெயர் போதாதென்று அவர்கள் அபர்டீன் பல்கலைக்கழகக் கிரேக்கத் துறைப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக்கை நாடினார்கள். மலரிலிருந்து இதழும் மரத்திலிருந்து இலையும் உதிர்வதைக் குறிக்கும் இந்தச் சொல்லை அவர் எடுத்துக் கொடுத்தார். இரண்டாவது பகரத்தை ஒலிக்க வேண்டியதில்லை என்றும் அக்கட்டுரையிலேயே குறிப்பு உள்ளது. தமிழ் எழுத்தில் எழுத நேரும்போது ‘அப்போப்டோசிஸ்’ என்று நாக்கை முறுக்காமல் ‘அபோடோசிஸ்’ என்று நான் எழுதுவது அதனால்தான்.

உவமை பொருத்தமானது. காயத்தாலோ நஞ்சாலோ சாகும் செல் ஊதி வெடித்து, உள்ளிருப்பதைச் சுற்றிலும் கொட்டி அழற்சியை உண்டாக்குகிறது. பிணத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘நெக்ரோசிஸ்’ என்று பெயர் பெற்றது அதுதான். அபோடோசிஸில் செல் சுருங்குகிறது, அதன் உட்கரு திரள்கிறது, பிறகு சவ்வு சுற்றிய சிறு துணுக்குகளாகப் பிரிகிறது. அத்துணுக்குகளை அண்டைச் செல்கள் விழுங்கிவிடுவதால் சுவடே தெரிவதில்லை. காம்பின் அடியில் ஒரு பிரிபடலத்தை அமைத்துக்கொண்டு, பழுத்த இலையை மரம் ஓசையின்றி விடுவிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெயரிட்டவர் ஒரு பொருளை எப்படிப் பார்த்தார் என்பதையே வேர் காட்டும். அப்பொருள் உண்மையில் என்ன என்பதை அது காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ‘ஆக்சிஜன்’ என்பதற்குப் புளிப்பை, அதாவது அமிலத்தை, உண்டாக்குவது என்று பொருள். எல்லா அமிலங்களிலும் அது உண்டு என்று வேதியியலாளர் லவாய்சியே தவறாக நம்பியதால் வந்த பெயர் அது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை. ஜெர்மானியர்கள் வேரை அப்படியே பெயர்த்து ‘புளிப்புப் பொருள்’ என்னும்படி ‘சவர்ஷ்டாஃப்’ என்றார்கள். பிழையும் கூடவே குடியேறியது. நாம் ‘பிராணவாயு’ என்றும் ‘உயிர்வளி’ என்றும் அதன் பயனைக் கொண்டு பெயரிட்டுத் தப்பித்தோம். ஆகவே வேரைப் பார்த்தபின், பொருளோடு அதை ஒத்துப்பார்க்காமல் பெயர்க்கக் கூடாது. அபோடோசிஸைப் பொறுத்தவரை, வேர் காட்டும் உவமையும் செல்லில் நடப்பதும் ஒத்துப்போவதால், வேரைப் பின்பற்றுவதில் தடை இல்லை.

இனி மற்றப் பரிந்துரைகள். ‘திட்டமிட்ட உயிரணு இறப்பு’ என்பது வேறொரு ஆங்கிலத் தொடரின் பெயர்ப்பு. அது பெரிய வகை, அபோடோசிஸ் அதில் ஒன்று. இந்தத் திட்டம் எவ்வளவு கறாரானது என்பதற்கு ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ‘சி. எலிகன்ஸ்’ புழுவே சான்று: அதன் உடலில் தோன்றும் 1090 செல்களில் 131 மடிகின்றன, எந்த 131 என்பது புழுவுக்குப் புழு மாறுவதில்லை. இதனை ஆராய்ந்த பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவரும் 2002-இல் நோபல் பரிசு பெற்றார்கள். என்றாலும் வகையின் பெயரை உறுப்புக்கு இட முடியாது. ‘தன்மடிவு’ என்று எழுதிய அம்மையாரின் சொல்லாட்சி அழகானது; ஆனால் நோய் எதிர்ப்புச் செல் ஆணையிட்டு இன்னொரு செல்லை இவ்வாறு மடியச் செய்வதும் உண்டு. மேலும் ‘தன்’ என்பதை ‘ஆட்டோ’ என்ற முன்னொட்டுக்கே வைத்துக்கொள்வது நல்லது. செல் தன் பகுதிகளைத் தானே செரித்துக்கொள்ளும் ‘ஆட்டோஃபேஜி’க்குத் ‘தன்னுண்ணல்’ என்னும்போது அது தேவைப்படும்.

‘உதிர்வு’ என்றே வைக்கலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் முடி உதிர்வும், தோலின் மேற்செல்கள் உண்மையாகவே உதிர்வதும் அச்சொல்லை ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கின்றன. தோல் மருத்துவக் கட்டுரை ஒன்றில் ‘செல் உதிர்வு’ என்று எழுதினால் எதைச் சொல்கிறோம் என்று படிப்பவர் தடுமாறுவார்.

எனவே ‘வீவு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் நிலைகளை எண்ணும்போது உதிரும் நிலைக்குப் பெயர் ‘வீ’. ‘கருங்கால் வேங்கை வீஉகு துறுகல்’ என்கிறது குறுந்தொகையின் 47-ஆம் பாட்டு. வேங்கையின் பூக்கள் உதிர்ந்து கிடக்கும் குண்டுக்கல் புலிக்குட்டி போலத் தோன்றுகிறதாம். அதே ஒலியில் ‘வீதல்’ என்ற வினை அழிதலையும் சாதலையும் குறிக்கும். ‘வீயாது பின்சென்று அடும்’ என்னும் 207-ஆம் குறளில் ‘நீங்காது’ என்ற பொருளில் வருகிறது. உதிர்தல், மடிதல், நீங்குதல் ஆகிய மூன்றும் ஒரே அசையில் கிடைப்பது, கார்மாக் கிரேக்கத்தில் கண்டெடுத்ததை விடவும் நமக்கு வாய்ப்பானது என்றே சொல்வேன்.

கலைச்சொல்லுக்கு உண்மையான தேர்வு, அதிலிருந்து பிற சொற்கள் கிளைக்கின்றனவா என்பதுதான். 2001-இல் ‘பைரோப்டோசிஸ்’, 2012-இல் ‘ஃபெரோப்டோசிஸ்’ என்று ‘அபோ’வைக் கழற்றிவிட்டு முன்னே வேறு வேர்களை மாட்டிப் புதுப் பெயர்கள் வந்தன. முன்னதில் நெருப்பைக் குறிக்கும் கிரேக்க வேரும், பின்னதில் இரும்பைக் குறிக்கும் இலத்தீன் வேரும் உள்ளன. அழற்சியோடு நிகழ்வதால் முன்னது ‘அழல்வீவு’, இரும்பைச் சார்ந்து நிகழ்வதால் பின்னது ‘இரும்புவீவு’. துணுக்குகளை ‘வீவுத்துணுக்கு’ என்றும், இதைத் தடுக்கும் புரதத்தை ‘வீவுத்தடுப்பி’ என்றும் தயக்கமின்றி எழுதலாம். ‘உயிரணு’, ‘செல்’, இலங்கைப் பாடநூல்களின் ‘கலம்’ ஆகியவற்றுள் எதை முன்னே சேர்ப்பது என்ற பழைய வழக்கும் இங்கே எழாது, கிரேக்கச் சொல்லிலேயே செல் என்ற உறுப்பு இல்லையே.

குறை ஒன்று உண்டு. வகுப்பில் வாயால் சொல்லும்போது ‘வீவு’ என்பது ஆங்கில ‘வியூ’ போல மாணவர் காதில் விழக்கூடும். வினையாக ஆளும்போது ‘செல் வீந்தது’, ‘வீயும் செல்’ என்று எழுதுவதா, ‘வீவுற்றது’ என்று எழுதுவதா என்பதிலும் எனக்கு இன்னும் உறுதி ஏற்படவில்லை. ‘வீந்தது’ என்பதே என் விருப்பம். பாடம் நடத்தும் நண்பர்கள் ஒரு முறை கரும்பலகையில் எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டுகிறேன்.