மலையில் கட்டிய எஞ்சின் கரையில் ஓடியபோது: ரொட், பிஸ்டன் தெரிவில் பட்டவை

தலவாக்கலையிலிருந்து:

நம்ம மலைநாட்டில் ரேஸ் எஞ்சின் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் ரதல்ல, மாகஸ்தோட்ட மலையேற்றக் கார் ஓட்டத்தை மனதில் வைத்துத்தான் கட்டுவோம். மாகஸ்தோட்ட ஓட்டம் 1934இல் தொடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அதே எஞ்சினைத் தூக்கிக்கொண்டு கால் மைல் நேர் ஓட்டத்துக்குக் கரைப்பக்கம் இறங்கினால் என்ன ஆகும் என்று போன வருஷம் பார்த்துவிட்டேன். ரொட் (பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கிற கம்பி), பிஸ்டன் வாங்கப் போகிற யாருக்காவது உதவட்டும் என்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வண்டி சிவிக். எஞ்சின் ஹொண்டா பி16ஏ: போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 81 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம்) 77.4, ரொட் நீளம் 134.4. டர்போ கிடையாது. கம்பெனி ரொட்டையே வைத்துக்கொண்டு, 12.5 கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் கலவை 12.5 மடங்கு அமுக்கப்படுவது) வருகிற மாதிரி மேடு வைத்த ஃபோர்ஜ் பிஸ்டன் போட்டேன். 4032 என்ற அலுமினியக் கலவை. அதில் சிலிக்கன் சுமார் 12 சதவீதம். சூட்டில் அதிகம் விரியாது, அதனால் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளி குறைவாக வைக்கலாம், காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது கடகடவென்று அடிக்காது. பனி விழுகிற ஊரில் அதுதான் நல்லது என்று நினைத்தேன். 95 பெற்றோலில் இங்கே தேன் மாதிரி ஓடியது. டைமிங்கை, அதாவது பிளக் எவ்வளவு முந்தித் தீப்பொறி விடுகிறது என்பதை, கூட்டக் கூட்ட இழுவை ஏறிக்கொண்டே போனது, நொக் (கலவை தன்பாட்டில் வெடித்துப் பிஸ்டனை அடிப்பது) என்ற பேச்சே இல்லை.

கீழே போய் முதல் ஓட்டம் நன்றாக இருந்தது. இரண்டாவதில் நாலாவது கியரில் ஏதோ மணல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம். ஹெல்மெட்டுக்குள் சரியாகக் கேட்கவில்லை. மூன்றாவதில் பாதித் தூரத்தில் இழுவை விட்டுப்போய், எஞ்சினுக்குள் சேருகிற காற்று வெளியேறும் பிரீதர் பைப்பிலிருந்து நீலப் புகை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் மூன்றாம் சிலிண்டர் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவின மாதிரிப் பொட்டுப் பொட்டாக இருக்கிறது. நகத்தால் சுரண்டினால் மினுங்குகிறது. அத்தனையும் பிஸ்டனிலிருந்து போன அலுமினியம். வீட்டுக்குக் கொண்டுவந்து எஞ்சினை இறக்கினோம். பிஸ்டனைச் சுற்றியிருக்கிற வளையங்களில் முதல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் நடுவில் உள்ள விளிம்பு, விரல் அகலத்துக்கு, பிஸ்கட்டைக் கடித்த மாதிரி உடைந்து கிடந்தது.

காரணத்தை, எஞ்சின் கம்பியூட்டரின் பதிவை லெப்டொப்பில் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். எங்கள் ஊர் கிட்டத்தட்ட 1200 மீட்டர் உயரம். த்ரொட்டிலை முழுசாகத் திறந்தாலும் மெனிஃபோல்டில் (காற்று உள்ளே போகிற குழாயில்) அழுத்தம் 87, 88 கிலோபாஸ்கலுக்கு மேல் வராது. கரையில் 100ஐத் தொடும். அதாவது, டைமிங் அட்டவணையில் 100 என்று இருந்த வரிசையில் என் எஞ்சின் அதுவரை ஒரு தடவைகூட ஓடியதில்லை. அங்கே இருந்தது பக்கத்து வரிசையைப் பார்த்துக் குத்துமதிப்பாக நிரப்பிய எண். காற்று பத்து சதவீதத்துக்கு மேல் அதிகம், உள்ளே போகிற காற்றும் சூடு, கம்ப்ரெஷனோ 12.5. நொக் வராமல் என்ன செய்யும். பிஸ்டன் விற்றவரையோ பெற்றோலையோ குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கே ஓடப் போகிறோம் என்று யோசிக்காமல் எங்கே கட்டுகிறோமோ அந்த ஊருக்குப் பிஸ்டன் எடுத்தது என் தவறு.

இந்தத் தடவை 2618 கலவையில் பிஸ்டன், கம்ப்ரெஷன் 11.5. சிலிக்கன் அநேகமாக இல்லாத கலவை. அடி வாங்கினால் உடைவதற்கு முதல் நெளிந்து கொடுக்கும். ஆனால் சூட்டில் நிறைய விரியும், அதனால் இடைவெளி 0.08 மி.மீ.யை ஒட்டி வைக்கவேண்டி வரும். எஞ்சின் சூடாகிற வரைக்கும் சுவரில் தட்டும். அந்தச் சத்தத்தோடு வாழ நான் தயார்.

ரொட்டையும் மாற்றுகிறேன். இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல ஆசை, ஏனென்றால் குதிரைச்சக்தி ஏறினால்தான் ரொட் உடையும் என்றுதான் நானும் வெகுநாள் நம்பினேன். டர்போ இல்லாத எஞ்சினில் ரொட்டைக் கொல்வது ஆர்பிஎம். எக்ஸோஸ்ட் ஸ்ட்ரோக் முடிகிற இடத்தில், மேலே பறந்து போகிற பிஸ்டனைப் பிடித்து நிறுத்திக் கீழே இழுக்க வேண்டும். அந்த நேரம் பிஸ்டன் தலையில் எதிர்த்து அழுத்த எரிகிற வாயு இல்லை. முழுப் பாரமும் ரொட்டிலும் அதன் இரண்டு போல்ட்டிலும் விழும். பிஸ்டன், பின் (பிஸ்டனை ரொட்டோடு கோக்கிற ஊசி), ரிங், ரொட்டின் மேல் முனை எல்லாம் சேர்த்து அரைக் கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 9000 ஆர்பிஎம்மில் அந்த இழுவை சுமார் 2.2 தொன். அதுவும் ஒரு செக்கனில் 75 தடவை. 8200இலிருந்து 9000க்குப் போவது பார்வைக்குச் சின்ன விஷயம், ஆனால் பாரம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் 20 சதவீதம் கூடிவிடும். பிஸ்டன் பக்கத்தில் 50 கிராம் குறைத்தால் அதே இடத்தில் 200 கிலோவுக்கு மேல் குறைகிறது. அதனால் 4340 என்ற ஸ்டீலில் ரொட், ஏஆர்பி 2000 என்ற ரகப் போல்ட், கிடைக்கிற பிஸ்டன்களில் எடை குறைந்தது என்று முடிவு செய்துவிட்டேன். ரொட்டின் வெட்டுமுகம் எச் வடிவமா ஐ வடிவமா என்ற சண்டை என் எஞ்சினுக்குப் பெரிதாகத் தேவைப்படவில்லை.

பிஸ்டன் 81.5 ஓவர்சைஸ், ஓடரில் இருக்கிறது. அது வருவதற்குள் இந்த வாரமே பிளொக்கைப் போர் போட (சிலிண்டர் துளைகளைப் பெரிதாக்க) கொடுக்கப் போகிறேன். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

பண்டாரவளையிலிருந்து:

அண்ணே, படிக்கப் படிக்க என் டொயோட்டா ஸ்டார்லட்தான் ஞாபகம் வந்தது. எஞ்சின் 4ஈ எஃப்டிஈ, 1331 சிசி, டர்போ. எனக்கு ரொட் உடையவில்லை, வளைந்தது. பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேல் டர்போ திணிக்கிற அழுத்தம்) ஒரு பார். இங்கே நம்ம உயரத்தில் வெளிக்காற்று 0.87 பார் அளவுதான், சேர்த்தால் 1.87. கீழே அதே ஒரு பார் வைத்தால் 2.0. மீட்டர் ஊசி இரண்டு இடத்திலும் ஒரே கோட்டில் நிற்கும், சிலிண்டருக்குள் போகிற காற்று ஒன்றில்லை.

சத்தமும் இல்லை, புகையும் இல்லை. ஐடிலில் சின்ன நடுக்கம் மட்டும். கம்ப்ரெஷன் பார்த்தால் ஒரு சிலிண்டர் மற்ற மூன்றையும் விடக் குறைவு. ரிங் போய்விட்டது என்று நினைத்து ஹெட்டைக் கழற்றினேன். ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து டயல் கேஜ் வைத்துப் பார்த்தபோது இரண்டாவது மட்டும் அரை மில்லிமீட்டர் கீழேயே நின்றுவிட்டது. ரொட் வளைந்து குட்டையாகிவிட்டது. வெளியே எடுத்துக் கண்ணாடி மேசையில் படுக்கவைத்தபோது அடியில் வெளிச்சம் தெரிந்தது.

டர்போக்காரர்களுக்குப் பாரம் மேலிருந்து அமுக்குகிறது. எங்களுக்கு ரொட்டின் நடுத்தண்டு தடிப்பாக இருக்கவேண்டும், பிஸ்டன் தலை தடிப்பாக இருக்கவேண்டும், பின்னின் சுவரும் தடிப்பாக இருக்கவேண்டும். எடை குறைந்த பிஸ்டன் என்று அண்ணன் சொன்னது டர்போ இல்லாத எஞ்சினுக்குச் சரி. எங்களில் யாரும் அதை அப்படியே எடுத்துவிட வேண்டாம். இதைப் படிக்கிற தம்பிமார் கவனிக்கவும்.

கண்டியிலிருந்து:

தலவாக்கலைத் தம்பி, அந்தப் பிளொக்கை இந்த வாரம் கொடுக்காதீர்கள். பிஸ்டன் கையில் வராமல் போர் போடவே கூடாது. நான் முப்பது வருஷமாக இந்த வேலைதான் செய்கிறேன். பெட்டியில் 81.5 என்று எழுதியிருக்கும். பிஸ்டனை அளந்தால் ஸ்கர்ட்டில் (பிஸ்டனின் அடிப்பக்கச் சுவரில்) ஒரு அளவு, மேலே ஒரு அளவு, ஒரு செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் சின்ன வித்தியாசம். எந்த உயரத்தில் மைக்ரோமீட்டர் வைக்கவேண்டும் என்று பிஸ்டனோடு வருகிற தாளில் இருக்கும். அதைப் பார்த்து, நாலு பிஸ்டனையும் அளந்து, ஒவ்வொரு சிலிண்டரையும் அதற்குரிய பிஸ்டனுக்கே ஹோன் அடிப்பதுதான் (கல்லால் நுணுக்கமாகத் தேய்த்து அளவாக்குவதுதான்) முறை. 0.08 மி.மீ. இடைவெளி வைக்கப் போகிற இடத்தில் 0.02 பிசகினால் பிறகு சரிசெய்ய அடுத்த ஓவர்சைஸ்தான்.

போல்ட் பற்றி ஒரு விஷயம். டோர்க் ரென்ச் கிளிக் என்றதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். டோர்க்கின் பெரும்பகுதி உராய்வுக்கே போய்விடும். எந்த எண்ணெய் பூசினீர்கள், எத்தனை தடவை இறுக்கிக் கழற்றினீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். ரொட் போல்ட்டை நீளம் பார்த்து இறுக்குங்கள். இறுக்க முன்னர் அளந்து, இறுக்கிய பின்னர் அளந்தால் எவ்வளவு நீண்டது என்று தெரியும். பல போல்ட்களில் 0.13 முதல் 0.15 மி.மீ. வரும், ஆனால் உங்கள் ரொட்டோடு வந்த தாளில் உள்ளதுதான் கணக்கு. அந்த முதல் நீளத்தைக் கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த தடவை கழற்றும்போது போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பாமல் நீண்டே நின்றால் தூக்கி எறியவேண்டும்.

பழைய ரொட்டுக்குப் புதுப் போல்ட் மட்டும் போட்டுக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. புதுப் போல்ட் இறுகும்போது ரொட்டின் பெரிய முனையின் (கிராங்கைப் பிடிக்கிற துளையின்) வட்டம் கொஞ்சம் மாறும். மறுபடி அளவெடுத்து ஹோன் அடிக்காமல் பெயரிங் போட்டால் வட்டம் இல்லாத துளையில் பெயரிங் உட்காரும்.

எல்19 என்ற இன்னொரு ரக ரொட் போல்ட் பற்றிக் கேட்டு நுவரெலியாவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அதன் தாங்குதிறன் சதுர அங்குலத்துக்கு 260,000 இறாத்தல், ஏஆர்பி 2000இல் 220,000. எண்ணைப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் அந்த உலோகத்துக்கு ஈரம் ஆகாது. வியர்வைக் கை பட்டாலே துருப் பிடித்து, துரு இருக்கிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வரும். மூடுபனி கராஜுக்குள்ளேயே வந்து போகிற ஊரில், வருஷத்தில் ஏழெட்டு மாதம் எஞ்சினைத் திறந்தே வைத்திருக்கிறவர்களுக்கு அதை நான் கொடுக்க மாட்டேன்.

ஹட்டனிலிருந்து:

என் கூடப்பிறந்த தம்பியின் எஞ்சினுக்கு எடை சமப்படுத்துகிற வேலை என்னுடையது. எங்களிடம் நல்ல தராசு இல்லை, பஜாரில் தெரிந்த நகைக்கடைக்கு நாலு பிஸ்டனையும் துணியில் சுற்றி எடுத்துப்போனேன். கடைக்காரர் முதலில் தயங்கினார், பிறகு அவரே ஆர்வமாக ஒவ்வொன்றாக வைத்து எழுதிக் கொடுத்தார். ஒரே பெட்டியில் வந்த பிஸ்டன்களுக்குள்ளேயே 3 கிராம் வித்தியாசம். குறைந்த எடைப் பிஸ்டனுக்குக் கூடிய எடைப் பின்னை மாற்றிப் போட்டதிலேயே பாதி சரியாகிவிட்டது. மீதியைத்தான் பின் துளைக்கு அடிப்பக்கத்துத் திண்டில் தேய்த்தோம். தலைப்பக்கம் ஒருபோதும் தொடாதீர்கள்.

வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியை அளக்கப் பிள்ளைகளின் கிளேயைத்தான் பயன்படுத்தினேன். பிஸ்டன் தலையில் ஒட்டி, மேலே எண்ணெய் தடவி, ஹெட்டைப் பூட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் கழற்றினால் வால்வ் அப்படியே அச்சுப் பதிந்திருக்கும். பிளேடால் குறுக்கே வெட்டி மெல்லிய இடத்தை அளக்கலாம். இன்டேக்கில் 2 மி.மீ., எக்ஸோஸ்ட்டில் இரண்டரைக்குக் குறையாமல் வைத்தோம்.

நுவரெலியாவிலிருந்து:

அண்ணே, வெளிநாட்டு டிராக் (நேர் ஓட்ட) வண்டிகளில் அலுமினிய ரொட்தானே போடுகிறார்கள்? எடையும் குறைவு. எடுக்கலாமா?

தலவாக்கலையிலிருந்து:

தம்பி, டொப் ஃபியூவல் என்ற மிக வேகமான டிராக் வண்டிகளில் போடுவது உண்மைதான். அவர்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எஞ்சினைப் பிரிக்கிறார்கள், ரொட்டைச் சில ஓட்டங்களிலேயே மாற்றிவிடுகிறார்கள். 2008இலிருந்து அவர்கள் ஓடுவது கால் மைல்கூட இல்லை, ஆயிரம் அடி. அலுமினியம் ஸ்டீலைப் போல இரண்டு மடங்கு அளவுக்கு விரியும், அதற்காக ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் கூடுதல் இடம் விடவேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்துப்போகிற உலோகம். ஏப்ரலில் மலையேற்றம், பிறகு கால் மைல், நடுவில் வீட்டிலிருந்து ஓட்டிப் பார்ப்பது என்று இருக்கிற நமக்கு ஸ்டீல்தான்.

இன்னொன்றையும் தேடிப் படித்துப் பாருங்கள். கொலராடோவில் பண்டிமியர் என்று ஒரு டிராக் ஓடுதளம் 2023 வரைக்கும் இருந்தது. உயரம் சுமார் 5800 அடி, உங்கள் நுவரெலியாவைவிடக் கொஞ்சம்தான் குறைவு. சமவெளியில் ஓடிவிட்டு அங்கே ஏறிப்போகிற குழுக்கள் கம்ப்ரெஷன், டைமிங், சுப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற பம்ப்) வேகம் எல்லாவற்றையும் அந்தக் காற்றுக்காகவே மாற்றினார்கள். நாம் அதைத் தலைகீழாகச் செய்யவேண்டியவர்கள். இந்தத் தடவை கரையில் முதல் ஓட்டத்துக்கு டைமிங்கை நாலு பாகை பின்னுக்கு இழுத்துவிட்டு, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிளக்கைக் கழற்றிப் பார்த்துத்தான் ஏற்றுவேன்.

பண்டாரவளைத் தம்பி, டர்போவுக்கு வேறு கணக்கு என்று நான் எழுதாமல் விட்டதை எழுதியதற்கு நன்றி. ஹட்டன் அக்கா, நகைக்கடை யோசனையை நாளைக்கே இங்கே கேட்டுப் பார்க்கிறேன்.

கண்டி ஐயா, பிளொக்கை வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் நீங்கள் எழுதியதைப் படித்தேன். இறக்கி வைத்துவிட்டேன். பிஸ்டன் வந்ததும் இரண்டையும் உங்களிடமே கொண்டுவருகிறேன். சனிக்கிழமையில் கடை திறந்திருக்குமா?