டிசம்பரில் ஓமான்: ஆறு நாள், கூடவே அம்மா. திட்டம் சரியா?

வைகைக்கரை:

வணக்கம். டிசம்பர் மூன்றாம் வாரம் ஓமான் போகிறோம். நான், மனைவி, பத்து வயது மகள், அறுபத்தெட்டு வயது அம்மா. ஞாயிறு மாலை மஸ்கட்டில் இறங்கி வெள்ளி இரவு கிளம்ப வேண்டும். அதற்கு மேல் எனக்கு லீவு கிடையாது.

அப்பா 1988 முதல் பன்னிரண்டு வருடம் சூர் என்ற ஊரில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். அவர் வாங்கிய சம்பளத்துக்குக் குடும்ப விசா கிடைக்காது என்பதால் அம்மா ஒரு தடவைகூடப் போனதில்லை. ஒரு கடிதத்தில், ராத்திரி ராஸ் அல் ஹத் பக்கம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது அம்மிக்கல் தானாக நகர்ந்து வருவதுபோல ஓர் ஆமை ஏறி வந்தது என்று எழுதியிருந்தார். அம்மாவுக்கு வேறு எதுவும் வேண்டாமாம். அந்த அம்மிக்கல்லைப் பார்த்தால் போதுமாம்.

நான் போட்டிருக்கும் பட்டியல்: மஸ்கட், சூர், வாஹிபா மணல்வெளி, நிஸ்வா, ஜெபல் அக்தர், சலாலா. டிசம்பரில் ஆமை வருமா? கார் எடுத்து நானே ஓட்டலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம்.

ரூவி வாசி:

பதினான்கு வருடமாக மஸ்கட்டில் இருக்கிறேன். ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் இதே பட்டியலோடுதான் வருகிறார்கள். முதலில் சலாலாவை அடித்துவிடுங்கள். இங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டர். அதோடு, அந்த ஊரை எல்லோரும் புகழ்வது ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை இருக்கும் கரீஃப் பருவத்துக்காக. குற்றாலத்துக்குச் சாரல் கொண்டுவரும் அதே தென்மேற்குக் காற்றுதான் சலாலாவை ஒட்டிய தோஃபார் மலையிலும் மோதிப் பச்சையாக்குகிறது. டிசம்பரில் அந்தப் பச்சை காய்ந்துபோயிருக்கும்.

ஜெபல் அக்தரும் வேண்டாம். மலையடிவாரத்து பிர்கத் அல் மௌஸ் சோதனைச்சாவடியில் நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியை மட்டும்தான் மேலே விடுவார்கள். மலைமேல் டிசம்பர் குளிர் முழங்கால் வலிக்கு ஆகாது. அந்த மலைக்குப் பேர்போன ரோஜா பூப்பதும் ஏப்ரல் வாக்கில்தான்.

கிழமை பார்த்துத் திட்டம் போடுங்கள். வார விடுமுறை இங்கே வெள்ளியும் சனியும். சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசலில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு வெள்ளி தவிர மற்ற நாட்களில் காலை 8 முதல் 11 வரைதான் அனுமதி. நிஸ்வா ஆட்டுச்சந்தையோ வெள்ளிக் காலையில் மட்டும் நடக்கும். உங்கள் தேதிக்கு இரண்டும் அமைந்துவிடுகிறது: திங்கள் பள்ளிவாசல், வியாழன் இரவு நிஸ்வாவில் தங்கல். ஆட்டுச்சந்தைக்கு ஏழு மணிக்கே போய்விடுங்கள். வாங்குகிறவர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, விற்கிறவர்கள் ஆட்டைக் கயிற்றில் பிடித்து விலையைக் கூவிக்கொண்டே சுற்றுவார்கள். ஒருவர் கையைக் காட்டி நிறுத்துவார், வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், முகத்தைச் சுளித்து அனுப்பிவிடுவார். நான் ஆடு வாங்குகிறவன் இல்லை, ஆனாலும் நாலைந்து தடவை போய் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்திலேயே கோட்டை. கதவுக்கு மேலே இருக்கும் துளைகளை மகளுக்குக் காட்டுங்கள். எதிரி உள்ளே வந்தால் கொதிக்கிற பேரீச்சம்பாகை அதன் வழியாக ஊற்றுவார்களாம்.

மஸ்கட்–சூர் கடற்கரைச் சாலை அருமையானது. வழியில் பிம்மா பள்ளம்: சுண்ணாம்புப் பாறை உள்வாங்கி, அடியில் நீலப் பச்சையாகத் தண்ணீர். அம்மா மேலிருந்தே பார்க்கலாம். வாதி ஷாபுக்கு (வாதி என்றால் மலையிடுக்கு ஆற்றுப்பள்ளத்தாக்கு) அழைத்துப் போகாதீர்கள். படகில் அக்கரை போய், பாறை மேல் முக்கால் மணி நேரம் நடந்து, அப்புறம் நீந்த வேண்டும். அதற்குப் பதில் வாதி பனீ காலித். கொஞ்ச நடையிலேயே குளம் வந்துவிடும். ஆனால் மலையில் எங்காவது மழை என்று கேள்விப்பட்டால் எந்த வாதியிலும் இறங்க வேண்டாம். தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும்.

அம்மாவுக்கு மார்கழியில் கோயில் வேண்டுமே? பழைய மஸ்கட்டில் அல் ஆலம் அரண்மனைக்கு அருகே நூறு வருடத்துக்கும் மேல் பழமையான சிவன் கோயில் இருக்கிறது. சாப்பாட்டுக்கு மஸ்கட்டின் ரூவி பகுதியில் இட்லி தோசைக்குக் குறைவே இல்லை. சூரில் மலையாளிக் கடை தேடுங்கள். பாலைவன முகாமில் மட்டும் முன்பதிவின்போதே சைவம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒரு ரியாலுக்கு ஆயிரம் பைசா, நூறு இல்லை. முதல் நாள் எல்லோரும் தடுமாறுவார்கள். 1970 வரை இங்கே நம் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வளைகுடா ரூபாயும் ஓடியது, இப்போது பைசா என்ற பெயர் மட்டும் தங்கியிருக்கிறது.

மணல்சக்கரம்:

தாராளமாக நீங்களே ஓட்டலாம். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை ஆர்டிஓவில் வாங்கிக்கொண்டு போங்கள். ஸ்டியரிங் இடப்பக்கம், சாலையில் வலப்பக்கம். அரை நாளில் பழகிவிடும், ரவுண்டானா மட்டும் இரண்டு நாள் ஆகும். உங்கள் வழிக்குச் சின்னக் கார் போதும்.

ஆனால் மணலுக்குள் மட்டும் நீங்கள் ஓட்டாதீர்கள். மணல்வெளி ஓரத்து ஊரான பிதியாவில் காரை நிறுத்திவிட்டால் முகாம்காரர்களே வந்து ஏற்றிப் போவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை. பெரிய வண்டி இருக்கிறதே என்ற தைரியத்தில், டயரில் ரோட்டுக்கு அடித்த காற்றோடு ஏறினேன். இரண்டாவது மேட்டிலேயே அச்சு வரை புதைந்தது. மிதிக்க மிதிக்க இன்னும் கீழே போனது. ஒரு மணி நேரம் கழித்து பிக்கப்பில் வந்த பதூ (பாலைவன நாடோடி இனம்) கிழவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. குச்சி ஒன்றை எடுத்து, நான்கு டயரிலும் வால்வை அழுத்திப் பாதிக் காற்றை இறக்கினார். அவரே உட்கார்ந்து ஓட்டி வெளியே கொண்டுவந்தார். பணம் நீட்டினேன், வாங்கவில்லை. அவர் பிளாஸ்கிலிருந்து காவாவும் (அரபுக் காப்பி) இரண்டு பேரீச்சம்பழமும் கொடுத்துவிட்டுப் போனார். இருட்டிய பிறகு நெடுஞ்சாலையிலும் ஓட்ட வேண்டாம். ஒட்டகம் குறுக்கே நிற்பது பக்கத்தில் போகும்வரை தெரியாது.

கடல்காற்று:

ஆமையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! நாங்கள் மாமியாரோடு ஒரு டிசம்பரில் போனோம். ராஸ் அல் ஹத் பக்கத்திலிருக்கும் ராஸ் அல் ஜின்ஸ் கடற்கரை இப்போது ஆமைக் காப்பகம் (1996இல் அறிவித்தார்கள்). உங்கள் அப்பா காலத்தைப்போல நினைத்த இடத்தில் போய் உட்கார முடியாது. முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு சின்னக் குழுவாகத்தான் போக வேண்டும், மணலில் கொஞ்சம் நடக்கவும் வேண்டும். பச்சை ஆமைகள் அதிகம் ஏறுவது கோடையில். ஆனால் வருடம் முழுக்க ஒன்றிரண்டு வரும்.

எங்களுக்கு இரவில் ஒன்றும் வரவில்லை. மாமியார் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. விடிகாலை மறுபடி போனோம். டிராக்டர் ஏறி இறங்கியதுபோல மணலில் தடம், அதன் முடிவில் முட்டையிட்டுக் குழியை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிற ஆமை. நாலு அடி நகரும், நின்று பெருமூச்சு விடும், மறுபடி நகரும். அம்மிக்கல் என்று அப்பா சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அதனால் இரவு, விடிகாலை இரண்டுக்கும் பதிவு செய்யுங்கள். போன் விளக்கைப் போடாதீர்கள் என்று மகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

பள்ளிவாசலுக்குப் பெண்கள் தலையை மூடி, முழுக்கை, கணுக்கால்வரை உடை. துப்பட்டாவே போதும். துபாய் வழியாக விமானம் மாறினால் பெட்டியில் கசகசா இருக்கக் கூடாது, மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும்கூட. பாலைவன இரவுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இரவில் ஒன்றும் வரவில்லை என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, "அப்ப ரெண்டு ராத்திரி இருப்போம்" என்றுவிட்டார்.

எனவே மாற்றிய திட்டம்: திங்கள் காலை பள்ளிவாசலும் சிவன் கோயிலும். மதியமே கிளம்பி, இருட்டுவதற்குள் ராஸ் அல் ஜின்ஸ். திங்கள், செவ்வாய் இரண்டு இரவும் அங்கேதான், பகலில் சூர். அப்பா இருந்த தெரு அம்மாவிடம் இருக்கும் பழைய கடித உறையில் இருக்கிறது, தேடிப் பார்ப்போம். புதன் வாதி பனீ காலித் வழியாக மணல்வெளி, முகாம் வண்டியில்தான். வியாழன் நிஸ்வா, வெள்ளி சந்தை, மஸ்கட், விமானம்.

மகள் ஒட்டகத்தை விடமாட்டாள், அம்மா ஆமையை விடமாட்டார். அடிபட்டது மஸ்கட்டின் மத்ரா கடைவீதிதான். சாம்பிராணி, வெள்ளிச் சாமான் என்று மனைவி அதற்குத்தான் தனியாகப் பணம் சேர்த்துவைத்திருக்கிறாள். அவள் இன்னும் இதைப் படிக்கவில்லை.

ரூவி வாசி:

மத்ராவில் வெள்ளிக்கிழமை மாலை கடை திறந்திருக்கும். நிஸ்வாவிலிருந்து மதியத்துக்குள் கிளம்பிவிடுங்கள், ஒன்றரை இரண்டு மணி நேரம்தான். இதை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் திட்டத்தைக் காட்டுங்கள்.