புதுப்பிப்பு: விடியப்புறம் ஸ்ராட் ஆகாத எங்கள் 135

மார்கழிக் குளிரில் எங்கள் பழைய மாசி பேர்கசன் 135 உழவு இயந்திரம் காலையில் ஸ்ராட் ஆகாமல், வெயில் ஏறினால் மட்டும் பிடிக்கிறது என்று எழுதியிருந்தேன். இப்போது சரி.

ஸ்ராட்டர் எஞ்சினைச் சுற்றும்போது வெள்ளைப் புகை வருகிறதா என்று ஒரு அண்ணை கேட்டார். அந்தக் கேள்விதான் வழிகாட்டியது. புகை தாராளமாக வந்தது. அப்படியென்றால் டீசல் உள்ளே போகிறது, எரியத்தான் சூடு காணாது. டீசல் பம்பில் கைவைக்கத் தேவையில்லை. வன்னிக் குளிர் 20 பாகையை ஒட்டித்தான். அதற்கே பிடிக்காவிட்டால் எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். மெதுவாகச் சுற்றினால் அமுக்கத்தில் வரும் சூடு சிலிண்டர் சுவரிலேயே போய்விடும்.

மீற்றர் பிடித்தோம். சுற்றும்போதும் பற்றரி 10 வோல்ற்றுக்கு மேல் நின்றது. ஆனால் பற்றரியின் எர்த் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையில் 2 வோல்ற் விழுந்தது; அரை வோல்ற்றே அதிகம். அவ்வளவும் வழியிலேயே வீணாகி ஸ்ராட்டருக்குப் போகவில்லை, அதனால்தான் எஞ்சின் மெதுவாகச் சுற்றியது. பற்றரியை எஞ்சின் உடலோடு இணைக்கும் எர்த் வயரின் போல்ற்றைக் கழற்றினால் அடியில் பெயின்ரும் துருவும் வயல் சேறும் கட்டியாய்க் காய்ந்து கிடந்தன, செம்புக் கம்பிகள் பச்சை பூத்திருந்தன. இடத்தை மினுங்கத் தேய்த்து, தடித்த புது வயர் போட்டோம். இப்போது பனி கொட்டும் விடியலிலும் உடனே பிடிக்கிறது.

ஸ்ராட் ஆக ஈதர் (சட்டென்று தீப்பிடிக்கும் ஸ்பிறே) அடிக்கச் சொன்ன தம்பிமாருக்கு: இந்த எஞ்சினின் காற்றுக் குழாயில் ஹீற்றர் இருக்கிறது. அது சூடாக இருக்கும்போது ஈதர் பட்டால் வெடிக்கும். தயவுசெய்து வேண்டாம்.

அறுவடை நேரம். கிளிநொச்சிப் பக்கம் யாருக்காவது மீற்றர் தேவையென்றால் கேளுங்கள், கொண்டு வருகிறேன்.