மறு: விட்டுவிட்டு எரியும் கூலன்ட் விளக்கு – கலைச்சொல் வேண்டும்

வணக்கம்.

முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா கார் வைத்திருப்பவர்களுக்குத் தமிழில் பராமரிப்புக் கையேடு எழுதும் நண்பர் கேட்டது, விட்டுவிட்டு வரும் பழுதைச் சொல்லும் ‘இன்டர்மிட்டன்ட்’ என்பதற்கு ஒரு சொல். இந்த இழையில் நாம் அதை விட்டுவிட்டு, இன்ஜின் சூட்டை வாங்கிச் செல்லும் நீர்மமான கூலன்டுக்கு என்ன பெயர் என்பதைப் பிடித்துக்கொண்டோம். சரி, அதையே முதலில் முடித்துவிடுவோம்.

> குளிர்விப்பான் என்றே வைக்கலாம். இலக்கணப்படி பிழையில்லை.

பிழையில்லைதான் ஐயா. ஆனால் குளிர்விப்பான் என்றதும் ஒரு கருவிதான் கண்முன் வருகிறது, நீர்மம் வருவதில்லை. இன்னொருவர் சொன்ன ‘குளிரூட்டி’ இன்னும் சிக்கல். அந்தச் சொல்லை ஏசி எப்போதோ எடுத்துக்கொண்டது, அந்த ஏசியும் இதே காரில்தான் இருக்கிறது. ‘குளிரூட்டி குறைந்திருக்கிறதா பாருங்கள்’ என்று கையேட்டில் போட்டால், படிப்பவர் நேராக காஸ் நிரப்பப் போய்விடுவார்.

எனக்குக் ‘குளிர்’ என்ற பகுதியே கொஞ்சம் மிகையாகப் படுகிறது. இந்த இன்ஜினில் அந்த நீர்மத்தை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறப்பதே சுமார் 87 பாகை செல்சியஸில். இன்ஜின் 90-ஐ ஒட்டி ஓட வேண்டும், அதற்கு மேல் போகாமல் சூட்டை வாங்கி ரேடியேட்டரில் கொண்டுபோய் விடுவதுதான் இந்த நீர்மத்தின் வேலை. அதற்குத் தமிழில் தணித்தல் என்று பெயர். முருகன் சினம் தணிந்த மலை தணிகை ஆனது. அங்கே யாரும் முருகனைக் குளிர்வித்துவிடவில்லை. ஆகவே ‘தணிநீர்’ என்பது என் பரிந்துரை. சுடுநீர் சூடான நீர் என்றால் தணிநீர் ஆறிய நீர் ஆகிவிடாதா என்று யாராவது கேட்பீர்கள். தணி என்ற வினை தன்வினையிலும் வரும், பிறவினையிலும் வரும். வினைத்தொகையில் இரண்டுக்கும் இடமுண்டு. உள்ளே இருப்பதில் பாதி எத்திலீன் கிளைக்கால் ஆயிற்றே என்றால், மீதிப் பாதி நீர்தான். அணு உலையில் ஓடும் சோடியத்துக்கும் சேர்த்து ஒரு பொதுச்சொல் வேண்டுமென்றால் ‘தணிப்பி’ இருக்கட்டும். காருக்குத் தணிநீர் போதும்.

இனி விளக்கு. என் கருத்தில் இழையின் உண்மையான முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

> ‘ஹீட் லைட்’ என்றுதான் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் சொல்கிறார்கள். ‘வெப்ப எச்சரிக்கை விளக்கு’ எல்லோருக்கும் புரியும்.

புரியும். அந்தப் புரிதல்தான் செலவு வைக்கிறது. 2001-ல் இந்தியாவுக்கு வந்த அந்த ஆக்டேவியாவில், அலை மேல் நிற்கும் வெப்பமானி போன்ற சிவப்புக் குறி இரண்டு வேலை பார்க்கிறது. தணிநீர் அளவுக்கு மீறிச் சூடானாலும் அது மின்னும். தொட்டியில் அளவு குறைந்தாலும் அதே குறிதான், அதே மூன்று பீப் ஒலிதான். படத்தில் இருப்பதோ வெப்பமானி. ஓட்டுபவர் பட்டறைக்குப் போய் ‘ஹீட் லைட் வந்து வந்து போகுது’ என்கிறார். மெக்கானிக் காதில் ஹீட் மட்டும்தான் விழும். தெர்மோஸ்டாட் மாறும், ஃபேன் சுவிட்ச் மாறும், கையோடு வாட்டர் பம்பும் மாறும். விளக்கு அடுத்த வளைவிலேயே மறுபடி கண் சிமிட்டும். நிறுவனத்தின் கையேடும் வெப்பநிலை, அளவு இரண்டையும் ஒரே தலைப்பில் சாய்கோடு போட்டுச் சேர்த்துத்தான் சொல்கிறது. அந்தச் சாய்கோட்டைத் தமிழுக்கும் கொண்டுவர வேண்டாம்.

நான் சொல்வது: குறியின் பெயர் ‘தணிநீர் விளக்கு’. அது எரியும் காரணத்துக்கு ஏற்ப ‘அளவுக்குறை எச்சரிக்கை’, ‘மிகைச்சூட்டு எச்சரிக்கை’ என இரண்டு தனிச்சொற்கள். டாஷ்போர்டில் வெப்பம் காட்டும் முள் நடுவில் 90-லேயே நிற்க விளக்கு மட்டும் மின்னினால், முதலில் அளவுக்குறைப் பக்கம்தான் போக வேண்டும். முள்ளை முழுக்க நம்பவும் கூடாது. உண்மை வெப்பம் சில பாகைகள் ஏறி இறங்கினாலும் அது 90-லேயே ஒட்டி நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். ஆனால் உண்மையிலேயே மிகைச்சூடு என்றால் அதுவும் நகர்ந்துவிடும்.

சொற்கள் பிரிந்தால் சோதனையும் தானாகப் பிரியும். அந்த உருண்டைத் தொட்டிக்குள் இரண்டு உலோக முனைகள் இருக்கின்றன. தணிநீர் அவற்றை மூடியிருந்தால் நடுவில் மின்சாரம் கொஞ்சம் கசியும், மூடாவிட்டால் கசியாது. உணரி என்று பெரிய பெயர் சொன்னாலும் உள்ளே இருப்பது அவ்வளவுதான். அதனால்தான் பழைய கார்களில் தொட்டி நிறைந்திருந்தும் விளக்கு மின்னுகிறது: முனைகளில் படிவு ஏறியிருக்கும். இந்தக் காருக்குரிய இளஞ்சிவப்பு ஜி12 வகைத் தணிநீரில் யாரோ பச்சையோ நீலமோ ஆன வேறு வகையை ஊற்றிக் கலந்திருந்தால் பழுப்பாகக் குழம்புபோல ஒரு கசடு பிடிக்கும், அது முனையையும் மூடும். வெறும் வாலை வடிநீரையே ஊற்றிக்கொண்டு வந்தாலும் மின்சாரம் சரியாகக் கடக்காது. தொட்டியில் செருகியிருக்கும் கப்ளரை, அதாவது வயர் இணைப்பை, கழற்றிப் பார்த்தால் பின்களில் பச்சை பூத்திருப்பதும் உண்டு. கப்ளரைக் கழற்றி, காரின் வயர் பக்கத்து இரண்டு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்துப் பாருங்கள். விளக்கு அடங்கினால் வயரிங் நன்றாக இருக்கிறது, குற்றம் தொட்டிக்குள் இருக்கிறது. பார்த்ததும் கம்பியை எடுத்துவிட வேண்டும். அப்படியே விட்டுவிட்டு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள், உண்மையிலேயே ஹோஸ் வெடிக்கும் நாளில் அவர்களுக்கு எந்த விளக்கும் வராது. முனைகளுக்குப் பதில் மிதவை வைத்து அளவு பார்க்கும் வேறு கார்களில் இந்தக் கம்பிச் சோதனை தலைகீழாகவும் இருக்கலாம், ஆகவே கையேட்டில் ‘இந்த வண்டிக்கு மட்டும்’ என்று போடுங்கள்.

இப்போது நண்பர் கேட்ட சொல்.

> மருத்துவத்தில் முறைக்காய்ச்சல் இருக்கிறது. அந்த வழியில் ‘முறைப்பழுது’?

அழகான சொல், ஆனால் இடம் வேறு. மலேரியாவுக்கு முறை உண்டு: ஒருநாள் விட்டு ஒருநாள், அதே பொழுதுக்குக் குளிர் நடுக்கும். பச்சை பூத்த கப்ளருக்கு முறையும் கிடையாது, நாள் நட்சத்திரமும் கிடையாது. ‘இடைப்பட்ட’ என்று எழுதியவருக்கு: அது நடுவில் உள்ளதைக் குறிக்கும். ‘இடைவிட்ட பழுது’ சரியானதுதான், பேச்சில் மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். பட்டறையில் தினமும் சொல்வது ‘வந்து வந்து போகுது’. அதையே எடுத்து ‘வந்துபோகும் பழுது’ என்று வைக்கலாம்.

ஒரு நிபந்தனை. இந்தச் சொல் பழுதுக்கு மட்டும் உரியதாக இருக்கட்டும். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் விளக்கு வருகிறது, பத்து நிமிடத்தில் போய்விடுகிறது என்றால் அது பெரும்பாலும் வந்துபோகும் பழுது ஆகாது. தணிநீர் குறைந்தபட்சக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. சூடானதும் விரிந்து முனைகளை மூடுகிறது. மேட்டில், திருப்பத்தில், பிரேக் அடிக்கும்போது மட்டும் மின்னுவதும் இதே கதைதான், நீர் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. இங்கே பழுது எங்கும் போகவில்லை, எங்கோ ஒழுகிக்கொண்டே இருக்கிறது, வந்துபோவது விளக்குதான். இதற்கு, விட்டுவிட்டு எரிவது என்ற பொருளில், ‘விட்டெரிதல்’ போதும். விளக்கு விட்டெரிகிறது என்பது ஓட்டுபவர் பார்ப்பது, வந்துபோகும் பழுது என்பது சோதித்தவர் சொல்வது. குண்டு குழியில் குலுங்கும்போது மட்டும் மின்னினால் பின்னதற்கு வாய்ப்பு அதிகம்.

ஒழுகல் எங்கே என்று கையேட்டில் ஒரு பத்தி கட்டாயம் சேருங்கள். சிலிண்டர் ஹெட் ஓரத்தில் ஹோஸ் மாட்டும் பிளாஸ்டிக் இணைப்பைச் சுற்றி இளஞ்சிவப்பாக, காய்ந்த பொருக்குபோல ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சொட்டு தரையில் விழாமல் சூட்டிலேயே உலர்ந்துவிடுவதால் கீழே தேடிப் பயனில்லை. முன் இருக்கையின் கால்விரிப்பு ஈரமாகி இனிப்பு வாடை அடித்தால் ஹீட்டர் பக்கம் போக வேண்டும்.

இதெல்லாம் சேர்த்து அந்த இடத்தை நான் எழுதினால் இப்படி இருக்கும். திருத்துங்கள்:

“தணிநீர் விளக்கு விட்டெரிந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். முள் 90-ஐத் தாண்டியிருந்தால் மிகைச்சூட்டு எச்சரிக்கை, ஓட்டாதீர்கள். முள் 90-லேயே இருந்தால் அளவுக்குறை எச்சரிக்கையாக இருக்கலாம். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, சமதளத்தில், தொட்டியின் இரு கோடுகளுக்கு இடையே தணிநீர் நிற்கிறதா பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்க வேண்டாம். உள்ளே அழுத்தம் இருக்கும், தணிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். அளவு சரியாக இருந்தும் விளக்கு தொடர்ந்தால் வந்துபோகும் பழுது: கப்ளரையும் முனைகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.”

‘கப்ளர்’ என்பதை நான் மொழிபெயர்க்கவில்லை. யாராவது ‘இணைப்பி’ என்று மாற்றச் சொன்னால் எனக்கு மறுப்பில்லை, அடைப்புக்குள்ளாவது கப்ளர் இருக்கட்டும்.