வியாசர்பாடி விழாவில் யோய்க் பாடல்: ஆலோசனை தேவை

வியாசர்பாடி வாசகன்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெரு நூலகத்தின் ஆண்டு விழாவில், கானா பாடும் நம் பகுதி இளைஞர்களோடு, நார்வேயிலிருந்து சென்னைக்கு வரவிருக்கும் சாமி என்ற பழங்குடி இனத்துப் பாடகி ஒருவரும் அரை மணி நேரம் யோய்க் (அவர்களுடைய மரபுக் குரலிசை) பாட இசைந்திருக்கிறார். துண்டறிக்கையில் 'சாமி பாட்டு' என்று அச்சிட்டால் ஆடி மாத அம்மன் பாட்டு என்றே நம்மவர்கள் எண்ணிக்கொள்வார்கள். பெயரை எப்படிப் போடுவது? பாடலின் பொருளைத் தமிழில் வாசிக்க வேண்டுமா? டோலக் சேர்க்கலாமா?

ராயபுரம் இசை ஆசிரியை:
தம்பி, 'யோய்க்' என்ற சொல்லையே பெரிதாகப் போடுங்கள். அதன் கீழே, நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் வடபகுதிகளிலும் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலும் வாழும் பழங்குடி மக்களின் குரலிசை என்று ஒரு வரி எழுதினால் குழப்பம் வராது.

மொழிபெயர்ப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல யோய்க்குகளில் சொற்கள் மிகக் குறைவு. பொருளற்ற அசைகளே திரும்பத் திரும்ப வரும். ஓர் ஓநாயையோ மலையையோ மனிதரையோ பற்றிப் பாடுவதாக அவர்கள் சொல்வதில்லை, அவரையே, அதையே யோய்க் செய்வதாகத்தான் சொல்கிறார்கள். ஆகவே ஒவ்வொன்றுக்கும் முன்னால் அது யாருடைய யோய்க் என்பதைப் பாடகியே இரண்டு வரியில் சொல்ல, நீங்கள் அதைத் தமிழில் சொன்னால் போதும். ஒருவருக்கென்று அமைந்த யோய்க், மரபுப்படி, அதை உருவாக்கியவருக்கு அல்ல, அந்த ஒருவருக்கே சொந்தம். எனவே கைப்பேசியில் பதிவு செய்து இணையத்தில் ஏற்றுவதற்கு முன் பாடகியிடம் கட்டாயம் அனுமதி கேளுங்கள். இன்னொன்று: யோய்க் திடீரென்று தொடங்கி, திடீரென்று நின்றுவிடும். கூட்டத்துக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காசிமேடு டோலக்:
முப்பது ஆண்டுகளாக மரண கானாவுக்கு வாசிப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். இறந்தவரின் பெயரையும் உறவையும் செய்த வேலையையும் விடிய விடியப் பாட்டுக்குள் வைத்தே நாங்கள் அவரை வழியனுப்புகிறோம். சாமி மக்களோ உயிரோடு இருப்பவருக்கும், பிறந்த குழந்தைக்குங்கூட யோய்க் தருகிறார்கள் என்று படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

டோலக்கைப் பொறுத்தவரை, முதலில் அந்தப் பாடகி தனிக்குரலில் பாடட்டும். பழைய யோய்க் பெரும்பாலும் பக்கவாத்தியம் இல்லாதது. மேடை அழகுக்காகச் சாமி மேளம் கொண்டுவரச் சொல்லாதீர்கள். அது அவர்களுடைய பழைய சமயச் சடங்குக்கு உரியது, 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கிறித்தவ மதபோதகர்களும் அதிகாரிகளும் பறித்து எரித்த பொருள். யோய்க்கும் அப்போது பாவம் என்றே தடுக்கப்பட்டது. அப்படி ஒடுக்கப்பட்ட குரல்தான் 1994இல் நார்வேயின் லில்லெஹாமர் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் சாமி கலைஞர் நில்ஸ்-அஸ்லாக் வால்கெயாபா பாடியபோது உலகுக்குக் கேட்டது. இன்றைய சாமி கலைஞர்கள் கிட்டாரும் டிரம்ஸும் சேர்த்துப் பாடுகிறார்கள் என்பதால், அவரே விரும்பி அழைத்தால் கடைசிப் பாட்டுக்கு நான் வந்து வாசிக்கிறேன், பணம் வேண்டாம்.

வியாசர்பாடி வாசகன்:
மிக்க நன்றி, அக்கா, அண்ணா. கானாவின் சத்தத்துக்குப் பிறகு தனிக்குரல் எடுபடாது என்பதால் அவரையே முதலில் பாடச் சொல்கிறோம். அண்ணனைப் பற்றி அவருக்கு இன்றே எழுதுகிறேன்.